மாகாணி மனிதன்

தான் கால் மனிதன்தான் என்ற செய்தியை அம்மாசிக்கு முதலில் சொன்னவர் வேலையை மேற்பார்க்கும் தண்டல் முருகையா. அம்மாசி அப்போது ஒன்பதாம் நிரையில், கித்தா என்னும் ரப்பர் மரங்களுக்கு நடுவே மரவள்ளிக் குச்சி ஊன்றக் குழி பறித்துக்கொண்டிருந்தான். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கை கால்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். எல்லாம் இருந்தன.

"மிச்சம் முக்கால் எங்கண்ணே போச்சு?"

"அத நீதான் படிச்சு வாங்கிக்கணுமாம். பெரிய கிராணி ஆப்பீசு சுவத்துல எழுதி ஒட்டிருக்காரு. முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும் போட்டிருக்கு. உனக்குக் கால்."

"உங்களுக்கு?"

"அரை" என்றார் முருகையா, கொஞ்சம் கூச்சத்தோடு.

ஜப்பான்காரன் மலாயாவின் கெடாவுக்குள் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. புக்கிட் கெலாடி தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடும்போது நாயையும் கிராமபோன் பெட்டியையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனார், ஆட்களை மறந்துவிட்டார். துரை உட்கார்ந்த நாற்காலியில், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தர்மலிங்கம் உட்கார்ந்தார். நாற்காலி அவருக்குச் சற்றுப் பெரியது. இரண்டு தலையணை போட்டுச் சரி செய்துகொண்டார்.

பட்டியல் ஒட்டுவதற்குச் சில நாள் முன்னால், சுங்கைப் பட்டாணி ஜப்பான் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒற்றைத் தாள் வந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து. வாசிக்கத் தோட்டத்தில் ஆள் இல்லை. பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்த ஜக்கரியாவைக் கூட்டிவந்தார்கள். சிப்பாய்களுக்குச் சாமான் விற்று விற்று அவருக்கு நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, பேச வரும். எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளும் காலமில்லை அது.

தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளுங்க தனித்தனியா இருக்கக் கூடாதாம். கூட்டமா இருந்தாத்தான் மனுசனாம். படிப்புச் சொல்லிக் குடுக்கணுமாம்" என்றார். "மிச்சம்லாம் பொடி எழுத்தா இருக்கு லா."

அது போதுமாக இருந்தது. மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, மேசைமேல் ஏறித் தர்மலிங்கம் பேசினார்.

"அன்பார்ந்த வருங்கால மனிதர்களே! இதுவரை நீங்கள் உங்களை மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அது உங்கள் குற்றமல்ல. உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தனியாக இருப்பவன் மனிதன் அல்லன். சமூகத்தில் பங்கெடுக்கும்போதுதான் ஒருவனுக்கு மனிதத் தன்மை ஊறுகிறது. சமூகம் என்றால் யார்? நாம் எல்லோரும். நாம் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார முடியாது. ஆகவே நமக்காக ஒரு சபை உட்காரும். சபை என்றால் யார்? நானும் காரியதரிசி மனோகரன் வாத்தியாரும். ஆகவே எங்கள் இருவரோடும் யார் பங்கெடுக்கிறார்களோ, அவர்கள் சமூகத்தில் பங்கெடுத்தவர்கள் ஆவார்கள். இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது."

அம்மாசி பக்கத்தில் நின்ற தன் மனைவி அழகம்மாவிடம், "என்ன சொல்றாரு?" என்றான்.

"கையத் தட்டு" என்றாள் அழகம்மா.

இப்படித்தான் முழு மனிதர் கல்விச் சபை உண்டாயிற்று. விதிகள் முப்பத்தொன்று. காலையில் டோக்கியோ மணிப்படி சங்கு ஊதும். அந்த மணிக்குச் சூரியன் இன்னும் கிளம்பியிருக்காது. அது இருக்க வேண்டிய திக்கை வாத்தியார் விரலால் காட்ட, அந்தப் பக்கமாகக் குனிந்து கும்பிட வேண்டும். குனிந்தால் கால் மனிதர். மாலைக் கூட்டத்தில் எழுந்து ஒரு கருத்துச் சொன்னால் அரை. அடுத்தவர் கருத்தைச் சமூகத்துக்காக ஏற்றுக்கொண்டால் முக்கால். கடைசியாக ‘நான் யார்’ என்ற தலைப்பில் பேசி, சபையோர் தாங்களாகவே கை தட்ட வேண்டும். தாங்களாகவே தட்டாதவர்கள் பெயர் குறித்துக்கொள்ளப்படும். அப்படித் தேறியவர் முழு மனிதர். அவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி தரப்படும். அதில் ‘முழு’ என்று எழுதியிருக்கும்.

இதோடு நின்றிருந்தால் யாரும் சபையை ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். பதினோராம் விதிதான் எல்லாரையும் உட்கார வைத்தது. வாரத்துக்கு முழு மனிதருக்கு ஒரு பால் டின் அரிசி. அரை மனிதருக்கு அரை டின். கால் மனிதருக்குக் கால். மிச்ச வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கு. அதற்கு விதி இல்லை.

அழகம்மா முதல் கூட்டத்திலேயே எழுந்து, "கிராணி ஐயா சொன்னது எல்லாம் சரி" என்றாள். அது கருத்து என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அரை மனுசி ஆனாள். மறுநாள் எழுந்து, "நேத்து நான் சொன்னதும் சரி" என்றாள். வாத்தியார் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அடுத்தவர் கருத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஆனால் நேற்று அரை மனுசியாவதற்கு முன்னால் பேசிய அழகம்மா இன்றைய அழகம்மாவுக்கு அடுத்தவர்தான் என்று தர்மலிங்கம் தீர்ப்புச் சொன்னார். முக்கால் ஆனாள்.

அம்மாசிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மூன்றாவது கூட்டத்தில் எழுந்து, "ஐயா, ஏழாம் லயத்துக் கக்கூசுக்குக் கதவு இல்லைங்க. பொம்பளைங்க ரொம்ப சிரமப்படுதுங்க. ஒரு கதவு போட்டா நல்லாருக்கும்" என்றான்.

தர்மலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இது கருத்து அல்ல. தேவை. தேவை மிருகங்களுக்கும் உண்டு. கருத்து என்பது, சபை ஏற்கெனவே சொன்ன ஒன்றை நீயாகவே கண்டுபிடிப்பது. உட்கார்."

லயத்து வரிசை வீட்டுக்கு வந்ததும் அழகம்மா பிடித்துக்கொண்டாள். "ஏய்யா, கதவப் பத்திப் பேசவா உன்ன எழுப்பினேன்? ‘சரி’ன்னு ஒரு வார்த்த. ரெண்டே எழுத்து. முக்கால் மனுசி நானே சொல்லிக் குடுத்தும் வாயில வரலியே."

"உள்ளதத்தானே புள்ள சொன்னேன்."

"கால் மனுசனுக்கு எதுக்கு உள்ளதெல்லாம்?"

அம்மாசி மண்வெட்டியைத் துடைக்க உட்கார்ந்தான். அவன் எப்போதும் அதிகம் பேசுகிறவன் அல்லன். பேச்சு அவனுக்குள் மெல்லக் கிளம்பி, வாய்க்கு வந்து சேரும்போது மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

நிலைமை இதைவிட மோசமாகும் என்று அவன் நினைக்கவில்லை. ஆனால் ஆவணியில் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளுக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டு, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரேசரிடம் மருந்து இல்லை. புருசன் இல்லாதவள். அம்மாசி அவளை முதுகில் தூக்கிக்கொண்டு பீடோங் வரைக்கும் ஐந்து கட்டை, ஐந்து மைல், நடந்தான். அங்கே ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு, ஜக்கரியா கடையில் கொய்னா மாத்திரைக்குக் காத்திருந்து, திரும்பிவர இரண்டு நாள் ஆயிற்று. வந்த மறுநாளே மழைக்கு முன்னால் கிழவர் ராமையாவின் வீட்டுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்துகொடுத்தான். ஆக மூன்று காலைக் கும்பிடும் மூன்று மாலைக் கூட்டமும் தவறிப்போயின.

சபை அவனை விசாரணைக்குக் கூப்பிட்டது.

"மூன்று நாள் நீ எங்கே?"

அம்மாசி சொன்னான்.

தர்மலிங்கம் மிகுந்த துக்கத்தோடு தலையை ஆட்டினார். "பார்த்தீர்களா! ஒருவன் சமூகத்தை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு இவனே சாட்சி. நாம் முந்நூறு பேர் இங்கே கூடி ‘ஒருவருக்கொருவர் உதவுதல்’ என்ற பாடத்தை மூன்று நாள் படித்தோம். இவன் வரவில்லை! சமூகத்துக்கு உதவுவது வேறு, சமூகத்தில் பங்கெடுப்பது வேறு. உதவி யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்கு வருகைப் பதிவு கிடையாது. வாத்தியாரே, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?"

வாத்தியார் மனோகரனுக்கு முகம் மலர்ந்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கான கீழ்வாய் இலக்கம் சொல்லிக்கொடுத்தவர். அது எதற்காவது பயன்படும் என்று அவரே நம்பியதில்லை. "காலில் பாதி அரைக்கால். அதில் பாதி மாகாணி. அதற்கும் கீழே..."

"மாகாணி போதும்" என்றார் தர்மலிங்கம். "நாம் இரக்கமில்லாதவர்கள் அல்ல."

அன்றிலிருந்து அம்மாசி பதினாறில் ஒரு பங்கு மனிதன். அரிசி அளக்கும்போது பால் டின்னுக்குள் விரல் விட்டு நுனியில் ஒட்டியதைக் கொடுத்தார்கள். லயத்தில் அவனை ‘மாகாணி’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அழகம்மா மட்டும் கூப்பிடவில்லை. தன் முக்கால் டின்னில் அவனுக்கும் கஞ்சி காய்ச்சினாள். ஊற்றும்போது கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் ஜப்பான் அதிகாரி ஒகாவா சபையைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. தர்மலிங்கத்துக்கு வியர்த்தது. சபை தொடங்கி மூன்று மாதம் ஆகியும் முழு மனிதர்கள் இரண்டே பேர்: அவரும் வாத்தியாரும். பரீட்சை வைப்பவர்களே தேறியிருக்கிறார்கள் என்றால் அதிகாரி ஏதாவது நினைக்கலாம். கல்வியினால் உயர்ந்த ஒருவனைக் காட்டியாக வேண்டும். அடிமட்டத்திலிருந்து வந்தவனாக இருந்தால் இன்னும் விசேஷம். அடிமட்டத்தில் இருந்தவன் அம்மாசி.

ஒரே வாரத்தில் அவனை உயர்த்தினார்கள். திங்கட்கிழமை அரைக்கால், செவ்வாய்க்கிழமை கால், புதன்கிழமை அரை, வியாழக்கிழமை முக்கால். ‘நான் யார்’ என்று வாத்தியார் இரண்டு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதிக்கொடுத்தார். "நான் ஒரு துளி; சமூகம் ஒரு பெருங்கடல்" என்று அது தொடங்கும். குழி பறிக்கும்போதெல்லாம் அம்மாசி "துளி, கடல், துளி, கடல்" என்று முணுமுணுத்தான்.

சனிக்கிழமை ஒகாவா வாளும் பூட்சுமாக வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஜக்கரியா. அம்மாசி மேசைமேல் ஏறினான். முந்நூறு தலைகளையும் ஒரு வாளையும் பார்த்தான். கடல் வற்றிவிட்டது. துளிகூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நான்... அம்மாசிங்க" என்றான். இன்னும் கொஞ்சம் யோசித்தான். "ஏழாம் லயம்."

இறங்கிவிட்டான்.

ஜக்கரியா, தன் கடைக்கு வரவேண்டிய மண்ணெண்ணெய் பெர்மிட்டை நினைத்துக்கொண்டு, நிப்பொங்கோவில் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், கையை மலைப்பக்கம் காட்டினார், நெஞ்சில் வைத்தார், கடைசியில் குரல்கூடக் கம்மிற்று. என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. ஒகாவா எழுந்து நின்று கை தட்டினார். உடனே முந்நூறு பேரும் தாங்களாகவே தட்டினார்கள். அம்மாசியைப் படம் பிடித்தார்கள். அதிகாரி தம் கையாலேயே அவன் சட்டையில் துணியைக் குத்தினார். இப்படிக் கற்ற முழு மனிதர்களையே இனி எந்தப் பெரிய வேலைக்கும் அனுப்புவோம் என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் அம்மாசி ஒரு டின் அரிசி வாங்கிவந்தான். அழகம்மா வாசலிலேயே நின்று, "வாங்க" என்றாள். பதினாலு வருடத்தில் அவள் அவனை ‘வாங்க’ என்று சொன்னது அதுவே முதல் தடவை. பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்து அவன் திரும்பிப் பார்த்தான்.

பெருமை பதினோரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு இந்தத் தோட்டத்திலிருந்து பத்து முழு மனிதர்கள் தேவை. வெள்ளிக்கிழமை லோரி வரும்.

சயாம் ரயில் என்றால் என்ன என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோலா கெத்தில் பக்கத்திலிருந்து அங்கே போனவர்களில் ஒருவரும் கடுதாசி போடவில்லை.

முழு மனிதர்கள் மூன்று பேர்தான். தர்மலிங்கம் அன்று தலையணை இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். பத்துப் பேரைத் தேற்றிவிட்டால் தாமும் வாத்தியாரும் தப்பலாம். உடனே தண்டோராப் போட்டார்: இன்று சபைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முழு மனிதர், பேச்சு வேண்டாம், பரீட்சை வேண்டாம், இரண்டு டின் அரிசி.

ஒருவரும் வரவில்லை. தண்டல்மார் வீடு வீடாகப் போய் இழுத்துவந்த பத்துப் பேரும் ஒரே ராத்திரியில் அறிவிழந்திருந்தார்கள். கிழக்கு எது என்று கேட்டால் மேலே காட்டினார்கள். முருகையா தம் பெயரே நினைவில்லை என்றார். முக்கால் மனுசி அழகம்மாவிடம், "அம்மா, உன் கருத்து?" என்று கேட்டார் தர்மலிங்கம்.

"கருத்துன்னா என்னங்க?" என்றாள் அழகம்மா.

அம்மாசி மட்டும் தன் துணியைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கழற்றினால் ஆறு மாதச் சிறை என்று இருபத்திரண்டாம் விதி சொன்னது. அவன் விதிகளுக்குப் பயந்தவன். லோரியில் என்னென்ன எடுத்துப்போக விடுவார்கள், இரண்டாவது வேட்டியை அழகம்மாவுக்கு விட்டுப் போகலாமா என்று மெல்ல யோசித்துக்கொண்டிருந்தான்.

அழகம்மா எழுந்தாள்.

"வாத்தியாரே, இருபத்தேழாம் விதியப் படிங்க."

மனோகரன் படித்தார். "ஒருவர் மனிதத் தன்மை இழந்துவிட்டார் என்று சமூகம் ஒருமித்துச் சாட்சி சொன்னால், சபை அவரைக் கீழிறக்கும்."

"சாட்சி இருக்கு" என்றாள் அவள். வாசல் பக்கம் திரும்பி, "வாங்கடி!" என்றாள்.

சங்கு ஊதாமல், தண்டல் விரட்டாமல், வருகைப் பதிவு இல்லாமல் அந்தத் தோட்டத்து ஜனம் மொத்தமும் பெரட்டுக்களத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். படுக்கையில் கிடந்தவர்களையும் பாயோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதலில் பிச்சையம்மாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இவன்தான் பீடோங்குக்குத் தூக்கிட்டுப் போனான். ஐயா, அஞ்சு கட்ட! ஒரு வார்த்த பேசல. மனுசனா இருந்தா ‘எப்படிக்கா இருக்கு’ன்னு கேட்டிருக்க மாட்டானா? மாட்டு மேல போன மாதிரிதான் இருந்துச்சு."

"மேடுக்கா. மூச்சு வாங்கிச்சு" என்றான் அம்மாசி.

"நீ பேசாத" என்று முந்நூறு பேரும் சொன்னார்கள்.

ராமையா, இவன் வேய்ந்த கூரை ஒழுகுகிறது என்றார். வேய்ந்த நாளிலிருந்து மழையே பெய்யவில்லை. அடுத்த லயத்துக் குணவதி, போன மாரியம்மன் திருவிழாவில் எல்லாரும் வலமாகக் கோயிலைச் சுற்ற, இவர் மட்டும் எதிரே வந்து பூசாரிமேல் மோதினார் என்றாள். தண்டல் முருகையாவுக்குத் திடீரென்று நினைவு திரும்பி, கூழ் வரிசையில் இவன் இரண்டு தடவை வந்தான் என்றார். அம்மாசி ஒவ்வொருவரையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு பேர் தன்னை இத்தனை நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. முகம் சுண்டிப்போயிற்று.

கடைசியாக அழகம்மா பேசினாள்.

"பதினாலு வருசமா இந்த ஆளோட குடும்பம் நடத்துறேன். சோத்தப் போட்டா திம்பாரு. உப்பு இல்லேன்னாலும் சொல்ல மாட்டாரு, உப்பு இருந்தாலும் சொல்ல மாட்டாரு. ஒரு நாளு கால நேரத்துலேருந்து மத்தியானம் வரைக்கும் சண்ட போட்டேன். தொண்ட கட்டிப்போச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு ‘ஏதாச்சும் சொன்னியா’ன்னாரு. இவரு எப்படிங்க மனுசன்? வீட்டுல தூணு இருந்தாலும் சாஞ்சுக்கலாம்." சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நடிப்பு என்றே பலரும் நினைத்தார்கள்.

தீர்ப்புக்கு வேறு வழியில்லை. சமூகம் ஒருமித்துச் சொல்லிவிட்டது. வாத்தியார் கீழ்வாய் இலக்கத்தில் இறங்கிக்கொண்டே போனார். மாகாணி தாண்டி, முந்திரி தாண்டி, கடைசியில் இம்மியில் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மாசியின் துணியைக் கழற்றினார்கள். அதே மூச்சில் வாத்தியார் தம் துணியையும் கழற்றி மேசைமேல் வைத்து, "எனக்கும் சாட்சி சொல்லுங்கள், தயவுசெய்து" என்றார். வாத்தியார் நல்லவர். ஐந்து நிமிடத்தில் அவரையும் கீழிறக்கிக் கொடுத்தார்கள்.

மேசைமேல் தர்மலிங்கம் தனியாக நின்றார். தோட்டத்தில் அவர் ஒருவர்தான் இப்போது மனிதர்.

அவர் மெல்ல மேசையிலிருந்து இறங்கினார். "எனக்கும்... யாராவது..." என்றார்.

சனங்கள் வெற்றிலைப் பைகளைப் பிரித்தார்கள்.

"சொல்லுங்கள்! என்னிடம் குறையே இல்லையா?"

"ஐயா தங்கமானவரு" என்றார் ராமையா.

"ஐயாவப் போல ஒரு மனுசன் கெடாவுலயே கெடையாது" என்றாள் குணவதி. கூட்டம் முழுவதும் தலையாட்டிற்று. பாராட்டு மேலும் மேலும் குவிந்தது. ஒவ்வொரு பாராட்டுக்கும் தர்மலிங்கம் ஒரு அங்குலம் குனிந்தார். கடைசியில் அவர் கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அம்மாசிக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து நின்றான். பேச்சு அவனுக்குள் கிளம்பி வருவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த ஒரு தடவை யாரும் அடுத்த விஷயத்துக்குப் போகவில்லை.

"ஐயா, பிச்சையம்மாக்காவத் தூக்கிட்டுப் போனதுக்கு எனக்கு மாகாணி போட்டீங்க. அது தப்புங்க. அக்கா செத்திருக்கும். அது செத்திருந்தா நீங்க அன்னிக்கும் பாடந்தான் நடத்தியிருப்பீங்க. அது மனுசன் செய்யற வேலை இல்லீங்க."

மடை திறந்தது. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பேசினார்கள். கக்கூசுக் கதவிலிருந்து ஆரம்பித்து, வெள்ளைக்காரன் காலத்தில் சம்பளப் புத்தகத்தில் அவர் வெட்டிய பெயர்கள் வரைக்கும் போனார்கள். பின்னம் தீர்ந்துபோய், வாத்தியார் ‘இல்லை’ என்று எழுதினார். தர்மலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

வெள்ளிக்கிழமை லோரியோடு ஒகாவா வந்தார்.

"எத்தன மனுசங்கன்னு கேக்குறாரு" என்றார் ஜக்கரியா.

"ஒருவரும் இல்லை என்று சொல்லுங்கள், ஜக்கரியா நானா" என்றார் தர்மலிங்கம்.

"அலாமா! அப்ப எதிர்ல நிக்குறதெல்லாம் யாருன்னு கேக்குறாரு."

"பயிற்சியில் இருப்பவர்கள். இன்னும் மனிதர் ஆகவில்லை."

"நீ யாருன்னு கேக்குறாரு."

"நேற்று முன்தினம் வரை மனிதனாக இருந்தேன். சமூகம் என்னைக் கீழிறக்கிவிட்டது. பதிவேட்டில் இருக்கிறது."

"பதிவேட்டுல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேக்குறாரு."

"மனிதன் அல்லாத நான்தான்."

ஒகாவா தர்மலிங்கத்தின் கன்னத்தில் இரண்டு அறை விட்டார். அறை வாங்க மனிதராக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் அதற்கு மேல் என்ன செய்வது என்று அதிகாரிக்குத் தெரியவில்லை. அவருக்கு மேலேயும் ஓர் அலுவலகம் இருந்தது. கற்ற முழு மனிதர்களையே அனுப்புவோம் என்று அவரே அம்மாசியின் படத்தோடு எழுதி, பாராட்டும் வாங்கியிருந்தார். இப்போது இம்மிகளை ஏற்றி அனுப்பினால் முதல் கடிதம் பொய்யாகிவிடும். பதிவேட்டை எடுத்துக்கொண்டு, வெறும் லோரியோடு திரும்பினார்.

அப்புறம் கடிதங்கள் வந்தன. நான்கு கால் மனிதர்கள் சேர்ந்தால் ஒரு மனிதர் என்று கொள்ளலாமா? கொள்ளலாம் என்றால் நால்வருக்கும் ஒரே தட்டில் சோறா? ஒவ்வொரு கேள்விக்கும் தர்மலிங்கம் பதினாலு பக்கம் பதில் எழுதினார். மனிதன் அல்லாதவர் எழுதிய பதில் செல்லுமா என்று அடுத்த கடிதம் கேட்டது. சபை செய்த ஒரே நல்ல காரியம் இந்தக் கடிதப் போக்குவரத்துதான். பக்கத்துத் தோட்டத்தில் சபை இல்லை. அங்கே லோரி வந்த அன்றைக்கே முப்பத்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று. யுத்தம் முடிந்து நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

ஐப்பசியில் கெடாவையே சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒகாவா மூட்டை கட்டினார். பதிவேடும் அவரோடு போயிற்று. புதிதாக வந்தவர்கள் தலையை எண்ணினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு தலை இருந்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

அன்று மத்தியானம் அம்மாசி வீட்டில் உட்கார்ந்து அவித்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். அழகம்மா எதிரே தோல் உரித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ கிளம்பி வருவது அவன் முகத்தில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள்.

"அன்னிக்கு மத்தவங்க சொன்னதெல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியும்" என்றான் ஒரு வழியாக. "நீ சொன்னதும் பொய்தானே?"

அழகம்மா கையில் இருந்த கிழங்கை உரித்து முடித்தாள்.

"கெழங்குல உப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அம்மாசி மென்று பார்த்தான். நன்றாக யோசித்தான். இன்னொரு துண்டும் எடுத்து மென்றான்.

"கொஞ்சம் கம்மிதான்" என்றான்.

"பொய்தான்" என்று சொல்லிவிட்டு, அழகம்மா உப்பு எடுக்க எழுந்து போனாள்.